ஏழு மணி வி.ஐ.பி.

‘வி.ஐ.பி. அழைக்கிறார்’ என்று திரை மின்னியதும், சோபாவில் சாய்ந்து கிடந்தவன் விருட்டென்று எழுந்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

சரியாக ஏழு மணி. இது பத்தாவது நாள்.

எட்டு மாத வயிற்றைத் தாங்கியபடி அவன் மனைவி கதவில் காது வைத்தாள். “சரிங்க… நான் பார்த்துக்கறேங்க” என்று அவன் குழைவது மட்டும் கேட்டது. மரியாதை வேறு!

உள்ளே வந்தவனை மடக்கினாள். “யாருங்க அந்த வி.ஐ.பி.?”

“ஒரு பெரும்புள்ளிம்மா. அவங்க பில்டிங் லிஃப்ட் விஷயமா…”

“பேரு?”

“வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாங்க.”

“பெரும்புள்ளின்னா மந்திரி, நடிகர்னு ஊருக்கே தெரிஞ்ச ஆளு. பேரைச் சொன்னாலே வாயைப் பொளப்பாங்க. உங்க புள்ளி என்னடான்னா, கட்டினவளுக்கே தெரியாத புள்ளியா இருக்கே!”

லிஃப்ட் மெக்கானிக்கான அவன் அசடு வழிந்தான். “இந்த நேரத்துல உனக்கு டென்ஷன் ஆகாதும்மா” என்று நழுவிவிட்டான்.

மறுநாள் முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறந்த வீட்டை எதிர்த்து, உடுத்திய துணியோடு இவனை நம்பி வந்தவள். இவனும் கைவிட்டால் போக்கிடம் ஏது?

மாலை அவன் குளிக்கப் போயிருந்தபோது, மேசை மேல் கைபேசி அதிர்ந்தது. வி.ஐ.பி.!

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. சட்டென்று எடுத்துக் காதில் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை. முதலில் அந்த மகராசி பேசட்டும், அப்புறம் இருக்கிறது கச்சேரி!

எதிர்முனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பெண் அல்ல.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். “எனக்குப் பொண்ணே பொறக்கலைன்னு நெனச்சுக்கறேன்” என்று மூன்று வருடத்துக்கு முன் கதவை அறைந்து சாத்தியவரின் செருமல் அது.

“மாப்ள, எம்பொண்ணு இன்னிக்காவது ஒழுங்கா சாப்பிட்டாளா?”