கம்ப்ரஸர் சுருதி

டீ பிரேக் பத்து நிமிஷம்தான். அதையும் சரிதா வீணாக்க மாட்டாள். ஃபேக்டரியின் ஏர் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று, அதன் இரைச்சலையே சுருதியாக வைத்துக்கொண்டு பாடிப் பழகுவாள்.

"காதுல இயர் பிளக்கைப் போடுடி. சூப்பர்வைசர் பாத்தா கத்துவாரு" என்பாள், கூட வேலை செய்யும் ஃபிசா.

"போட்டா என் பாட்டு எனக்கே கேக்காதே!"

இரண்டு வருஷம் இப்படியே போனது. கம்பெனி ஆண்டு விழாவில் பாட இடம் கிடைத்தது. ஜூஜுவாடி கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. மைக்கைப் பிடித்த சரிதா, பாடாமல் நின்றாள்.

ஃபிசா மேடைக்கு ஓடினாள். "என்னாச்சுடி?"

"மொதல்ல அந்த கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லு. சுருதிப்பெட்டி சத்தமே கேக்கல."

மண்டபம் மூச்சுக்கூட விடாமல் அவள் பாட்டுக்காகக் காத்திருந்தது.

"இங்க ஏதுடி கம்ப்ரஸர்?"

"என்னா? சத்தமா சொல்லு, இந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல!"