இரண்டு கையும்

கை கால் சரியில்லாத பிள்ளைகளுக்கென்றே படித்தவராம் இந்த ரெஜினா டாக்டர். என் பேரனை இடுப்பில் பிடித்துக் குப்புறத் தூக்கி, மெத்தையைப் பார்த்துத் தலையைச் சட்டென்று இறக்கினார்.

“என்னம்மா செய்றீங்க!” என்று கத்திவிட்டேன்.

“பயப்படாதீங்க தாத்தா. இருபது வருஷமா இதான் என் பொழப்பு, ஒரு புள்ளையயும் நழுவ விட்டதில்ல. கீழ விழப்போறோம்னா, ஒரு வயசுப் புள்ள ரெண்டு கையயும் தானா ஊனும். அதத்தான் பாக்கறேன்.”

அவன் வலது கையை ஊன்றினான். இடது கை நெஞ்சோடு மடங்கியே கிடந்தது.

“தூக்கக் கலக்கம்” என்றேன்.

“இன்னொரு தடவ பாத்துடலாம்.”

“வேண்டாம். கனி, பிள்ளைய வாங்கு. வீட்டுக்குப் போவோம்.”

என் மகள் அசையவில்லை. “சும்மா இருங்கப்பா. பாக்கட்டும்.”

நான் எந்த டாக்டரையும் நம்பியதில்லை. ஆனால் இந்தம்மா பிடி உடும்புப்பிடிதான். அந்தச் சின்ன இடது கையைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

டாக்டர் மறுபடியும் உயரத் தூக்கினார். விளையாட்டென்று நினைத்து அவன் கலகலவென்று சிரித்தான். சிரித்தபடியே தலைகீழாக இறங்கி வந்தான்.