மூன்று கால் யானை

“இந்த யானையைச் செஞ்சது யாரு?” என்று மழலையர் வகுப்பு மிஸ் கேட்டதும், அம்மாவோடும் தம்பியோடும் வந்திருந்த, அதே பள்ளியில் பத்தாவது படிக்கும் அக்கா மேசையை எட்டிப் பார்த்தாள்.

பெட்டியைத் திறந்து மிஸ் மேசைமேல் வைத்த அட்டை யானைக்கு நாலு காலும் கச்சிதமாக இருந்தன. முதுகெல்லாம் ஜிகினா மின்னியது. நேற்று சாயங்காலம் தம்பி செய்ததோ மூன்று கால் யானை. நாலாவது காலைத்தான் தும்பிக்கையாக ஒட்டிவிட்டானே. ‘கை வெச்சே, தோலை உரிச்சிடுவேன்’ என்று அம்மா மிரட்டியிருந்ததால், அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் யானை எங்கக்கா?” என்று தம்பி சிணுங்கினான்.

மிஸ் அம்மாவைப் பார்த்தார். “பெரியவங்க யாரும் தொடக் கூடாதுன்னு பெத்தவங்க கூட்டத்துல அத்தனை பேரையும் சத்தியம் பண்ண வெச்சதே நீங்கதானே?”

“நான் தொடுவேனா மிஸ்? எல்லாம் இவ வேலை. சொன்னா கேட்டாத்தானே.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “சத்தியமா நான் தொடவே இல்ல மிஸ்.”

“உங்க கிளாஸ் மிஸ்ஸைக் கூப்பிடட்டுமா?”

அவளுக்கு அழுகை முட்டியது.

“விடுங்க மிஸ், சின்னப் பொண்ணு. தம்பி மேல பாசம்,” என்று அம்மா அவள் தலையை வருடிக்கொடுத்தாள். அந்த நிமிஷத்துக்கு அதுவே ஆறுதலாக இருந்தது.

மிஸ் சிரித்துவிட்டார்.

“தலையெல்லாம் ஜிகினாவை வெச்சுக்கிட்டு, தொடவே இல்லையாம்.”

அக்கா திரும்பி அம்மாவின் கையைப் பார்த்தாள். அம்மா அதைக் கைப்பைக்குள் விட்டு, எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள்.