மூன்று கேள்விகளும் ஒரு கடைவாய்ப்பல்லும்

மரத்துப்போக ஊசி போட்டு, பெரியவரின் வாயில் பஞ்சைத் திணித்துவிட்டு, குறடும் கையுமாகக் கேட்டாள் பல் டாக்டரம்மா.

“முதல்ல வர்றது மின்னல் வெளிச்சமா, இடிச் சத்தமா?”

பதில் நாக்கு நுனியில் நின்றது. “ஆ... ஆ...” என்றார்.

“தண்ணியில ஆக்சிஜனோட சேர்ந்திருக்கிறது எது?”

“ஆ...”

“நம்ம உடம்புலயே ரொம்பக் கெட்டியான பொருள்?”

தெரிந்ததைச் சொல்ல முடியாத ஆத்திரத்தில் நாற்காலிக் கைப்பிடியைக் குத்தினார். அதற்குள் அவள் பல்லைப் பிடுங்கியதே அவருக்குத் தெரியவில்லை.

“மூணுக்கும் சைபர்!” முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தாள். “அடையாளம் தெரியலையா, சயின்ஸ் சார்? ஏழாம் வகுப்புல இதே மூணு கேள்விக்கும் வாயைத் திறக்கலைன்னு நாள் முழுக்க என்னை வெளியில நிக்க வெச்சீங்களே! எனக்கும் அன்னைக்குப் பதில் தெரியும் சார்!”

“பதில் தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?” என்று குழறினார் அவர்.

“எப்படி சார் சொல்றது? அன்னைக்கு எனக்குப் பல்வலி!”