வேன் டிரைவர் தேவை

“ராலியா? அப்படின்னா என்னண்ணே?” என்று கேட்டான் முனியராஜ்.

கேட்டுவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். மூன்று பஸ் மாறிக் கோயமுத்தூருக்குப் போய், தைலமரக் காட்டுக்குள் ஒரு பகல் முழுக்கப் புழுதியில் நின்று கார் ராலிப் பந்தயம் பார்த்தவன் அவன். அன்றைக்குப் போட்டிருந்த சட்டையை மனைவி ரோஜா எத்தனை தடவை துவைத்தும் செம்மண் கறை போகவில்லை.

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸ் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ‘வேன் டிரைவர் தேவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள். மற்ற இருவரும், சோலைச்சாமியும் சிவபாண்டியும், வந்ததிலிருந்து தேசிய ராலி சாம்பியன்ஷிப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். புது சீசனுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

“இந்த சீசனும் மஞ்சக் கார்க்காரந்தாம்லே. அவன அடிக்க ஆள் கெடையாது” என்றார் சோலைச்சாமி.

“போங்கண்ணே. அவனோட கோ-டிரைவர் வேற டீமுக்குப் போயிட்டாருல்லா?” என்றார் சிவபாண்டி.

“போனா போறாரு. பக்கத்து சீட்டுல சும்மா ஒக்காந்துட்டு வாரவருதான?”

முனியராஜுக்கு நாக்கு அரித்தது. சும்மாவா? அடுத்து வரும் வளைவு இடமா வலமா, எவ்வளவு ஒடிக்க வேண்டும் என்று நோட்டைப் பார்த்துப் படித்துச் சொல்பவரே அவர்தான். அவர் ஒரு வரி பிந்தினால் கார் மரத்தில் நிற்கும். இத்தனையையும் சொல்ல வாயெடுத்தவன், எழுந்து போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

அவன் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. நாலு மாதத்துக்கு முன்பு வரை தாயில்பட்டியிலிருந்து ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினான். ஒருநாள் காலையில் வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு வளைவு வந்தது. ரோடு காலியாகக் கிடந்தது. முனியராஜ் பிரேக்கை மிதிக்காமல், ராலியில் திருப்புவதுபோல் திருப்பினான்.

யாருக்கும் அடி இல்லை. ஆனால் பதினெட்டுப் பெண்களின் தூக்குவாளிகளும் கவிழ்ந்துபோயின. சுப்புத்தாய் கொண்டுவந்த புளிக்குழம்பு முத்துமாரியம்மாளின் புதுச் சேலையில் கிடந்தது. மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. சேதி அவனைவிட வேகமாக ஓடியதால் அக்கம்பக்கத்தில் வேறு எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை.

தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே ரோஜா காலையில் சொல்லியனுப்பியிருந்தாள். “அங்கன போயி ராலி கீலின்னு வாயத் தெறந்தீக, நானே வந்து காட்டிக்குடுத்துருவேன்.”

கணக்குப்பிள்ளை வந்து பேர் எழுதிக்கொண்டார். “வெளியூர்ல பத்து நா, பதினஞ்சு நா தங்கவேண்டி வரும். சம்மதந்தான?”

“சம்மதங்கய்யா” என்றான் முனியராஜ். வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

சோலைச்சாமியும் சிவபாண்டியும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் வந்தார்கள். கதவுக்கு வெளியே வரைக்கும் ராலிப் பேச்சுத்தான் கேட்டது. முனியராஜுக்கு அவர்கள் மேல் இரக்கமாக இருந்தது. பட்டாசுக் கம்பெனிக்கு வந்து இப்படியா உளறுவார்கள்!

கடைசியாக அவனைக் கூப்பிட்டார்கள். முதலாளியம்மா பாண்டிலட்சுமி அவன் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எத்தன வருசமா ஓட்டுறீக?”

“ஒம்பது வருசம்மா.”

“எம்புட்டு வேகம் போவீக?”

“நாப்பதத் தாண்டமாட்டேன். முள்ளு அங்கனயே நிக்கும்மா.”

அவர் எதையோ குறித்துக்கொண்டார். “கார் பந்தயம் பாக்குற பழக்கம் உண்டா?”

இதுதான் பொறி. முனியராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அய்யய்யே. அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் நமக்கு இல்லம்மா.”

“ராலின்னு கேள்விகூடப் பட்டதில்லையா?”

“இப்பம் வெளிய அந்த அண்ணன்மாரு பேசுனாக. ஒண்ணும் வெளங்கல.”

பாண்டிலட்சுமி விடவில்லை. “சரி, கோ-டிரைவர்னா யாரு? அதாச்சும் தெரியுமா?”

முனியராஜ் ஜன்னலைப் பார்த்தான். கோயமுத்தூரில் தடுப்புக் கயிற்றுக்குப் பின்னால் அவன் காத்து நின்றது, சாலையில் பறந்து வரும் காருக்காக மட்டும் அல்ல. மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் படித்துக்கொண்டே போன மனிதரைப் பார்ப்பதற்காகவும்தான். அந்தக் கார் அவனைக் கடந்துபோக ஒரு விநாடிகூட ஆகவில்லை. அந்த ஒரு விநாடியை ரோஜாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

“பக்கத்து சீட்டுல சும்மா ஒக்காந்துட்டு வாரவரும்மா” என்றான்.

சொல்லிவிட்டு, அந்த நோட்டுக்கார மனிதரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். ஆனாலும் ரோஜா சொல்லியனுப்பியபடியே நடந்துகொண்டுவிட்டோம் என்ற நிம்மதியும் இருந்தது.

பாண்டிலட்சுமி லைசென்ஸை அவன் பக்கம் நகர்த்தினார். “தங்கமான ஆளா இருக்கீக தம்பி. ஒங்கள நம்பிப் பச்சப்புள்ளயக்கூட ஏத்தி விடலாம்.”

முனியராஜ் எழுந்து கும்பிட்டான். “அப்பம் என்னைக்கிம்மா வேலைக்கி வரட்டும்?”

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“இது ஆள் ஏத்துற வேன் இல்ல தம்பி. இந்த சீசன் ராலிக்கு நாங்க எறக்குற காருக்கு டயரு, சாமான் ஏத்திக்கிட்டுப் பின்னால போற வேன்.”