பைமேல் இருந்த கை

தந்தி ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. தப்பு அவ்வளவுதான்.

ஆனால் தாமதத்துக்கான காரணம் பத்திரிகையின் முதல் பக்கத்தில் படமாகவே வந்துவிட்டது.

போரில் ஜெர்மனி பணிந்த அன்று எடுத்த படம். லண்டன் துறைமுகத்தை ஒட்டிய கேப்ஸ்டன் தெரு. பீர்க்கடைப் பியானோவை நடுத்தெருவுக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். அதன் முன்னால், தந்தி கொண்டுவரும் வின்னி சீருடையோடு, தொப்பி பறக்க ஆடுகிறாள். அவளைக் கட்டிக்கொண்டு ஆடுவது கடைசி வீட்டு ஹெஸ்டர். சுற்றிலும் பிள்ளைகள், வாயெல்லாம் ஜெல்லி.

ஊர் ஊராக அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். வெற்றிச் சிரிப்பு என்றால் இதுதான் என்றார்கள்.

மளிகைக்கடை பம்ஃப்ரியும் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். படத்தின் ஓரத்தில் கை தட்டுவது அவர்தான். மத்தியானத்துக்குள் கிழித்துவிட்டார்.

ஏனென்றால் படம் வெளிவந்த அன்று காலைதான் வின்னி, ஹெஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டித் தந்தியைக் கொடுத்தாள். ஹெஸ்டரின் ஒரே மகன் பர்மாச் சண்டையில் செத்துப்போயிருந்தான்.

அந்தத் தெருவில் ஒரு வீட்டில் சாவு என்றால் எல்லா வீட்டிலும் ஜன்னல் திரை இறங்கும். பாட்டு கிடையாது, கூத்து கிடையாது. பிள்ளைகள்கூட வெளியே வரக்கூடாது. அன்றும் இறக்கினார்கள்.

துக்கம் கேட்கப் போன பம்ஃப்ரி தந்தியின் தேதி முத்திரையைப் பார்த்தார்.

“நேத்து மத்தியானமே வந்திருக்கு! பையில சாவை வச்சுக்கிட்டு ஆடியிருக்கா!”

“அதுவும் பெத்தவளோடயே!” என்றாள் மீன்கடை ஐவி. “இவள்லாம் ஒரு பொம்பளையா?”

“குடிச்சிருப்பா.”

“யாரு வாங்கிக் குடுத்தது?”

வெற்றி நாளில் தெருவுக்கே பீர் வாங்கி ஊற்றியவர் பம்ஃப்ரி.

தபால் ஆபீசுக்குப் புகார் போயிற்று. வின்னியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள். இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பாதித் தெரு வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

அதிகாரி படத்தை மேஜைமேல் போட்டார்.

“இது நீதானே?”

“ஆமாங்க.”

“பையில தந்தி இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“என்ன தந்தின்னு தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஆடினியா? ஏன்?”

வின்னி தரையைப் பார்த்தாள்.

“வாயைத் தொறம்மா. உனக்காகச் சொல்ல ஒண்ணுமே இல்லியா?”

“இல்லீங்க.”

“அதான் சொன்னேனே!” என்றார் பம்ஃப்ரி.

அதிகாரி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். அப்போது கதவு திறந்தது. கறுப்பு உடுப்பில் ஒருத்தி. கூட்டம் வழி விட்டது.

“வாம்மா,” என்றார் பம்ஃப்ரி. “நல்லாக் கேளு இவளை.”

அவள் வின்னியிடம் போகவில்லை. மேஜைக்குப் போனாள். படத்தின்மேல் விரலை வைத்தாள்.

“இந்தப் படத்துல என் கை எங்க இருக்குன்னு பாருங்கய்யா.”

“இடுப்புல.”

“நல்லாப் பாருங்க.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். கை இடுப்பில் இல்லை. பையின் மூடியை அமுக்கிப் பிடித்திருந்தது. இன்னொரு கை வின்னியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. ஊரே பார்த்த படம். ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை.

“அவ தந்தியை எடுக்கத்தான் போனா. அவ மூஞ்சியைப் பார்த்ததுமே என் பையன் போயிட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூடுடீன்னு அமுக்கினேன். நாளைக்குக் குடு, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கினேன். ஆட இழுத்ததும் நான்தான். வீட்டுக்குள்ளயே கெடந்தேன், இவ தலை உருளுறது இன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சு.”

“ஏம்மா அப்படி?”

“குண்டுக்குப் பயந்து இத்தனை வருஷம் திரையைப் போட்டுக்கிட்டு இருட்டுல கெடந்த பிள்ளைங்க. அன்னிக்குத்தான் ஜன்னலெல்லாம் தொறந்து, விருந்துன்னு ஒண்ணைப் பார்த்துச்சுங்க. என் வீட்டுச் சாவுக்கு உடனே மறுபடி இறக்கச் சொல்றதா?”

பம்ஃப்ரி தொப்பியைக் கழற்றினார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

அதிகாரி எழுதியிருந்ததை அடித்தார்.

“யார் சொன்னதுன்னு எழுதிக்கட்டும்?”

“செத்த பையனோட அம்மா, ஹெஸ்டர்னு எழுதுங்க.”