ஏழாம் எண் படம்

"இந்தப் படத்துல சந்தோஷம் எங்க இருக்கு? எனக்கும் கொஞ்சம் காட்டுங்க" என்றார் ஓவியம் படிப்பிக்கும் ஸப்வான் சேர்.

எழுந்து நின்ற அஜந்தன் தன் விடைத்தாளைப் பார்த்தான். 'மனநிலை: சந்தோஷம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான்.

பதுளையில் நடக்கும் மாலை நேர ஓவிய வகுப்பின் கடைசிப் பரீட்சை அது. மாணவர்கள் வரைந்த படங்கள் பெயரில்லாமல், எண் மட்டும் ஒட்டிச் சுவரில் தொங்கின. சீட்டுக் குலுக்கலில் வரும் படத்தின் மனநிலையையும் பொருளையும் எழுத வேண்டும். யார் வரைந்தது என்று யாரும் மூச்சுவிடக் கூடாது. தேறினால்தான் இரண்டாம் வருடம்.

தெமோதரையிலிருந்து வந்து புடவைக்கடையில் வேலை பார்க்கும் அஜந்தன், இந்த வகுப்புக்காகவே முதலாளியிடம் கெஞ்சி நேரத்தோடு கடையிலிருந்து வெளிக்கிடுபவன். அவனுக்கு வந்தது ஏழாம் எண். மழை மூட்டத்தில் கடைத்தெரு, சாம்பல் நிற மாடிக் கட்டடங்கள், இழுத்து மூடிய கதவுகள். ஒரு மனிதர்கூட இல்லை.

"வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுக நேரம் சேர். மொதலாளிமாரு பள்ளிக்குப் போயிருவாங்க. கடையில வேல செய்றவங்களுக்கு அந்த ஒரு மணித்தியாலந்தான் நிம்மதி."

"நான் இந்த ஊர்லயே பொறந்தவன். ஜும்மா நேரம் தெரு இப்பிடியா இருக்கும்?"

"சேர் அந்த நேரம் பள்ளியிலதானே இருக்கீங்க, எப்பிடித் தெரியும்?" என்றாள் றிப்னா. வகுப்பு சிரித்தது.

சேரும் சிரித்துவிட்டார். "சரி, நீங்க சொல்லுங்க. இது சந்தோஷமா?"

"இல்ல சேர். ஊரே செத்த மாதிரி இருக்கு."

"யாவாரம் நொடிச்ச தெரு" என்றான் நப்ரீஸ்.

அஜந்தன் படத்தைத் திரும்பவும் பார்த்தான். அவர்கள் சொல்லச் சொல்ல, அந்தக் கதவுகள் அவனுக்கும் சோகமாகத்தான் தெரிந்தன. சந்தோஷம் என்றால் ஒரு துளி மஞ்சள்கூட ஏன் இல்லை? ஒன்றும் புரியவில்லை.

"மாத்தி எழுதவா சேர்?"

"நேரம் முடிஞ்சிது தம்பி. பத்துக்கு மூணு. வரஞ்சவர்ட மனசு ஒங்களுக்கு விளங்கவே இல்ல. ரெண்டாம் வருஷம் கஷ்டம்."

சேர் படத்தின் பக்கம் திரும்பினார். "ஆனா படம் முதல் தரம். இவ்வளவு துக்கத்த இவ்வளவு அமைதியா வரைய எனக்கே ஏலாது. நீங்க உக்காருங்க அஜந்தன். இத வரஞ்சவர் எழும்புங்க."

அஜந்தன் உட்காரவில்லை. வேறு யாரும் எழும்பவும் இல்லை.